அலுவலகம் போகும் வழியிலேயே நடைப்பயிற்சி

சர்க்கரை நோய்க்கு மருத்துவம் பார்க்கும் நான் நாள்தோறும் கேட்கும் பதில், "நடக்க நேரமில்லை, டாக்டர்" என்பதுதான். அதில் பெரும்பாலும் பொய் இருப்பதில்லை. போரூரிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ சென்னைக்குள் காரில் வந்து திரும்பவே காலையும் மாலையும் கழிந்துவிடுகின்றன. வீடு சேரும்போது நடக்கத் தெம்பு இருப்பதில்லை. ஆகவே, "ஆபீசுக்கு எப்படிப் போகிறீர்கள்?" என்ற கேள்வியைத்தான் இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன்.

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் வரும் என்றிருந்த பழைய நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் அது நீக்கிவிட்டது. வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிடமும், இறங்கிய இடத்திலிருந்து அலுவலகத்துக்கு ஐந்து நிமிடமும் சற்று விரைவாக நடப்பவருக்கு, போகவர அரை மணி நேரம் ஆகிறது. ஐந்து வேலைநாளில் அந்த 150 நிமிடம் நிறைந்துவிடுகிறது. காரில் செல்பவரோ வீட்டு வாசலில் ஏறி, அலுவலகத்தின் லிஃப்ட் அருகே இறங்குகிறார்.

லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே வேலை செய்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மோரிஸ் குழுவினர் 1953இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினர். ஓட்டுநர்களுக்குச் சீருடையின் இடுப்பளவு வேலையில் சேரும்போதே கூடுதலாக இருந்ததை, அதாவது அவர்கள் முன்பே பருமனாக இருந்ததை, பின்னர் மோரிஸ் குழுவினரே சுட்டிக்காட்டினார்கள் என்பதால், அந்த ஒரு ஆய்வை மட்டும் நம்பி நான் இதைச் சொல்லவில்லை. அதன் பிறகு பல நாடுகளில் வந்த ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின.

சைக்கிளைப் பற்றிப் பேசினால் பலர் முகம் சுளிக்கிறார்கள். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளில் ஓடியாடியவர்கள்கூட, சம்பளம் வந்தபின் அதைக் கௌரவக் குறைவாக நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. உடல் எடை சீட்டின் மேல் இருப்பதால், மூட்டுவலி உள்ள பலருக்கு நடையைவிட அது எளிது. மிதிகட்டை கீழே வரும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும்படி சீட்டை உயர்த்திக்கொள்ள வேண்டும்; சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். புகை மிகுந்த பிரதான சாலையைத் தவிர்த்து, உள்தெருக்கள் வழியே செல்வது நல்லது.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சாதாரண ரப்பர் செருப்புடன் நடக்கக் கூடாது. பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பு அணிந்து, வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கொப்புளம் வலிக்காது. இன்சுலின் போடுபவர்கள், நடக்கும்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் உடனே சாப்பிட, சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், "நடைபாதை எங்கே, டாக்டர்?" என்று நோயாளி திருப்பிக் கேட்டால் அது நியாயமான கேள்வி. நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றது. ஆயினும் மின்பெட்டியும் நிறுத்திவைத்த பைக்குகளும் மறிக்கும் நடைபாதையிலிருந்து முதியவர் ஒருவர் சாலையில் இறங்கித்தான் பேருந்து நிறுத்தத்தை அடைகிறார். நடைபாதையைச் சீர்படுத்துவதும் மருத்துவச் செலவைக் குறைக்கும் பணிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காரை அடியோடு விடச் சொல்லவில்லை. மெட்ரோ நிலையத்தில் நிறுத்திவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் ரயிலேறுங்கள். மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்து வாருங்கள். சர்க்கரை குறைந்திருந்தால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாமல், அளவை மாற்றுவதை மருத்துவரிடம் விடுங்கள்.