ஈதர்நெட்: விசும்பும் கம்பியும்

கணினிகளையும் கருவிகளையும் கம்பியால் இணைக்கும் முறை ஈதர்நெட். அதையும், அதன் வழியே கணினியோடு பேசி மோட்டார்களை ஆளும் ‘மோஷன் கண்ட்ரோல் கார்டு’ என்பதையும் தமிழில் எப்படிச் சொல்வது, அத்தகைய அட்டைகள் இரண்டை ஒரு கணினியில் எப்படி இணைப்பது என்று பார்ப்போம். ‘ஈதர்’ கிரேக்கச் சொல். எரிதல், ஒளிர்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, மேல்வானத்தின் தூய ஒளிவெளியைக் குறித்தது. அரிஸ்டாட்டில் அதை ஐந்தாம் பூதம் ஆக்கினார். நம் தொல்காப்பியம் நிலம், தீ, நீர், வளி என்பவற்றோடு ‘விசும்பு’ என்று எண்ணுவதும் ஐந்தாம் பூதத்தைத்தான். 19ஆம் நூற்றாண்டு அறிவியலாளர்கள் ஒளி அலைகளைச் சுமக்கும் கண்காணா ஊடகம் ஒன்று எங்கும் நிறைந்திருக்கிறது என நம்பி, அதற்கும் ஈதர் என்றே பெயரிட்டனர். 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் தேடியபோது அதன் தடயமே கிடைக்கவில்லை.

இல்லாத அந்தப் பொருளின் பெயரை 1973 மே 22 அன்று, ஜெராக்ஸ் ஆய்வகத்தில் எழுதிய குறிப்பொன்றில் பொறியாளர் ராபர்ட் மெட்காஃப் உயிர்ப்பித்தார். அவர் திட்டத்தில் ஒரே தடித்த கம்பியில் எல்லாக் கணினிகளும் தொற்றிக்கொள்ளும். ஒருவர் பேசுவது எல்லோர் காதிலும் விழும். அந்தக் கம்பிதான் அவருடைய ஈதர். எவ்வளவு பொருத்தமான பெயர்!

தமிழில் ‘விசும்பு வலை’ என்று மாற்ற மனம் ஏங்குகிறது. ஆனால் படிப்பவருக்குக் கம்பியில்லாத் தொடர்புதான் நினைவுக்கு வரும், பொருள் நேரெதிராகிவிடும். ‘கம்பிவலை’ என்றாலோ கோழிக்கூண்டு கண்முன் நிற்கும். ஆகவே ‘ஈதர்’ பெயராகவே இருக்கட்டும், ‘நெட்’ மட்டும் தமிழாகட்டும்: ஈதர்வலை. இதுவே என் பரிந்துரை. ‘மோஷன் கண்ட்ரோல் கார்டு’ என்பதற்கு ‘நகர்வுக் கட்டுப்பாட்டு அட்டை’ என்பேன். ‘இயக்கம்’ என்றால் எந்திரத்தை ஓட்டுவதும் அடங்கிவிடும். இந்த அட்டையின் வேலையோ மோட்டார் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் நகரவேண்டும் என்பதை ஆள்வது.

ஒருவர் கேட்பது எல்லோருக்கும் கேட்கும் பொதுவெளி என்ற அந்தப் பழைய பொருளைப் பட்டறையில் இன்றும் உணரலாம். ஒரே வகை அட்டைகள் இரண்டை, பல கருவிகளை ஒரே வலையில் சேர்க்கும் ‘ஸ்விட்ச்’ பெட்டி வழியாக ஒரு கணினியில் இணைத்தால், ஒன்று வேலை செய்யும். மற்றது செத்ததுபோல் கிடக்கும். பெரும்பாலும் அட்டையில் பழுது இருக்காது. இரண்டும் ஒரே ஐபி முகவரியோடு (வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கும். ‘இந்த முகவரி யாருடையது?’ என்று கணினி கேட்க, இரண்டுமே ‘என்னுடையது’ என்கின்றன. எந்திரங்களைக் கணினியால் ஆளும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியைப் பயன்படுத்துவோர் நாடும் மெசா நிறுவன அட்டைகள் பலவற்றில் 192.168.1.121 என்ற நிலையான முகவரி உண்டு. அட்டையிலுள்ள சிறு இணைப்புச் செருகியான ஜம்பரை மாற்றினால், அட்டையின் நினைவகத்தில் நாம் எழுதிவைத்த முகவரி செயல்படும். எனவே ஒவ்வோர் அட்டையாக இணைத்து, முகவரியை மாற்றிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

ஒரு மில்லிவிநாடிக்கு ஒருமுறை கட்டளை போகவேண்டிய எந்திரம் என்றால் ஸ்விட்ச் வேண்டாம். அட்டைக்கொரு ஈதர்வலைத் துளையை (போர்ட்) கணினியில் பொருத்தி, ஒன்றின் முகவரியை 10.10.10 என்று தொடங்கும் வரிசையிலும் மற்றதை 10.10.11 என்று தொடங்கும் வரிசையிலும் வையுங்கள். இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால், எந்தத் துளை வழியே அனுப்புவது என்று கணினிக்குத் தெரியாது.