விரிஞ்சிபுரத்துக் கல்லும் கைப்பேசி மணியும்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிப்ரவரி நடுவில் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனவர், அங்குள்ள நேரம் காட்டும் கல்லில் குச்சியை வைத்துப் பார்த்தாராம். நிழல் உச்சிப்பொழுதைத் தொட்டபோது அவர் கைப்பேசியில் மணி பன்னிரண்டரையை நெருங்கிவிட்டிருந்தது. “முன்னோர் கணக்கு பிசகா, கல் நகர்ந்துவிட்டதா?” என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. வித்தியாசத்தில் ஏறத்தாழப் பாதி எளிதில் விளங்கும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நம் பகுதி 79 பாகையை ஒட்டியிருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற பள்ளிக் கணக்கின்படி, நமக்கு உச்சிப்பொழுது 14 நிமிடம் பிந்தி வரும். மீதிதான் வியப்புக்குரியது, ஏனெனில் அது நிலையாக இருப்பதில்லை. பிப்ரவரி 11 வாக்கில் உச்சிப்பொழுது 12.28க்கு வருகிறது, நவம்பர் 3 வாக்கிலோ 11.57க்கே வந்துவிடுகிறது.

பூமி ஒருமுறை முழுதாகச் சுழல 23 மணி 56 நிமிடம் ஆகிறது. அதற்குள் சூரியன் விண்மீன்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு பாகை கிழக்கே தள்ளிப் போய்விடுவதால், அதை எட்டிப் பிடிக்கப் பூமி இன்னும் நான்கு நிமிடம் சுழல வேண்டியிருக்கிறது. இந்தத் தள்ளல் நாள்தோறும் ஒரே அளவாக இருந்தால் எல்லா நாளும் சரியாக 24 மணி நேரமாக இருக்கும். அப்படி இல்லாததற்கு ஒரு காரணம், ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு அருகில் (14.7 கோடி கி.மீ.) வரும் பூமி அப்போது விரைவாகவும், ஜூலையில் (15.2 கோடி கி.மீ.) மெதுவாகவும் ஓடுவது.

மற்றொரு காரணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. வானத்தை ஒரு பெரிய பூசணிக்காயாக எண்ணிக்கொள்ளுங்கள். காம்பு வட துருவம். காம்பிலிருந்து இறங்கும் வரிகள் நடுவயிற்றில் அகன்றும் இரு முனைகளை நோக்கிக் குறுகியும் இருக்கும். சூரியன் ஓர் எறும்பு. அது நடுவயிற்றை 23.4 பாகைச் சாய்வில் வெட்டும் பாதையில் சுற்றி வருகிறது. ஒரு நாளில் எத்தனை வரிகளைக் கடந்தது என்பதே நமக்குத் தேவை. பங்குனியிலும் புரட்டாசியிலும் எறும்பு நடுவயிற்றைச் சாய்வாகக் கடக்கிறது. நடையில் ஒரு பங்கு வடக்கு தெற்காகச் செலவாகிவிட, கிழக்கு நோக்கிய முன்னேற்றம் நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைந்துவிடுகிறது. ஆனியிலும் மார்கழியிலும் பாதையின் விளிம்பை அடைந்து நேர் கிழக்கே நடக்கிறது. அங்கே வரிகளும் நெருங்கியிருப்பதால், அதே நடையில் ஒன்பது பங்கு கூடுதலாகக் கடந்துவிடுகிறது. வேகம் மாறாத எறும்பு, வரிக்கணக்கில் மட்டும் முந்தியும் பிந்தியும் போவதை முதன்முறை உணர்ந்த அன்று, ஒரு பூசணிக்காயை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் இரண்டு காரணங்களும் ஒருபக்கமாகச் சேர்வதால், டிசம்பர் 22ஐ ஒட்டி ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சிவரை 24 மணி 30 விநாடி ஆகிறது. அன்றாடம் சேரும் இந்த விநாடிகளே பிப்ரவரியில் 14 நிமிடமாகத் திரள்கின்றன. தை பிறந்த பிறகும் விடியல் பிந்திக்கொண்டே போவதற்கும் இதுவே காரணம். வேலூரின் மிகக் குறுகிய பகல், ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம், டிசம்பர் 21 அல்லது 22இல் முடிந்துவிடுகிறது. அதன்பின் பகல் நாளுக்குச் சில விநாடிகளே நீள்கிறது. உச்சிப்பொழுதோ அரை நிமிடம் தள்ளிப் போகிறது. ஆகவே சூரிய உதயம் ஜனவரி நான்காம் வாரம் வரை பிந்தி, 6.40ஐத் தொடுகிறது. ஜூன் தொடக்கத்தில் அதே உதயம் 5.46க்கே நிகழ்கிறது. அப்படியிருக்க, உதயத்திலிருந்து பகலை எட்டாகப் பகுத்துக் கணிக்க வேண்டிய இராகுகாலத்தை, ஆண்டு முழுதும் உதயம் ஆறு மணி என்று கொண்டு அச்சிட்டு, அந்த நேரத்துக்கு அஞ்சி நல்ல காரியங்களைத் தள்ளிவைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. சூரியனை நம்புகிறவர்கள் முதலில் சூரியனைப் பார்க்க வேண்டாமா?

அதைப் பார்க்கப் பெரிய செலவு தேவையில்லை. பழைய வட ஆர்க்காட்டு மண்ணான காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி நிற்கிறது. அதற்கு அளிக்கும் பணத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இப்பகுதிப் பள்ளிகள் ஒவ்வொன்றின் முற்றத்திலும் ஒரு மீட்டர் உயரக் குச்சி ஒன்றை, கொத்தனாரின் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டுவைக்கவும் யாரேனும் முன்வர வேண்டும். வெயில் உள்ள நாளெல்லாம் கடிகாரம் 12.14 காட்டும்போது நிழல் நுனியில் ஒரு புள்ளி வைத்துவந்தால், ஓராண்டில் அந்தப் புள்ளிகள் எட்டு என்ற எண்ணின் வடிவில் அமையும். டிசம்பர்ப் புள்ளி குச்சிக்கு வடக்கே 74 செ.மீ. தொலைவிலும், ஜூன் புள்ளி தெற்கே 19 செ.மீ. தொலைவிலும் விழும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருவதால், அந்த எட்டின் சின்ன வளையத்துக்குள்ளேயே குச்சியின் அடி இருக்கும்.