127இல் 125: ஒரு மச்சக் கருவியும் மசியாத முதலீட்டாளர்களும்

மச்சத்தைப் படமெடுத்து, அது மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயாக இருக்கக்கூடுமா என்று சொல்லும் கைக்கருவி ஒன்று அமெரிக்காவில் உருவானது. பெயர் மெலாஃபைண்ட். நியூயார்க் மாநிலத்தின் இர்விங்டனில் இருந்த மெலா சயின்சஸ் என்ற சிறிய நிறுவனம் அதைச் செய்தது. பத்து வெவ்வேறு அலைநீள ஒளியில் மச்சத்தைப் பார்த்து, தோலுக்கு அடியில் நிறமி எவ்வளவு ஒழுங்கற்றுக் கிடக்கிறது என்று கணினி கணக்கிடும். 1,383 நோயாளிகளிடம் நடத்திய பெரிய சோதனையில், 127 மெலனோமாக்களில் 125ஐக் கருவி பிடித்தது. 98 விழுக்காடு!

இவ்வளவு நல்ல எண்ணைக் கண்ட பிறகும் முதலீட்டாளர்களில் ஒரு சாரார் அசையவில்லை. பங்கு விலை விழும் என்று பந்தயம் கட்டியவர்களும் இருந்தார்கள். இப்படிப்பட்டவர்களை, வளரும் நிறுவனத்தின் காலை வாருபவர்கள் என்று வைவது எங்கும் வழக்கம்தான். மருத்துவக் கருவிகளின் சோதனை அறிக்கைகளைப் படித்து, பணம் போட நினைப்பவர்களுக்கு விளக்கிச் சொல்வது என் தொழில். புதிதாக வருபவர்களிடம் முதலில் இந்த மெலாஃபைண்ட் கதையைத்தான் சொல்கிறேன். இதில் மோசடி எதுவும் இல்லை. நிறுவனம் நேர்மையாகச் சோதனை நடத்தி, முடிவை மருத்துவ இதழில் வெளியிட்டது. அதனாலேயே இது நல்ல பாடம். திருடனைக் கண்டால் ஒதுங்குவது எளிது. நல்லவர்கள் செய்த கருவியில் எங்கே இடறல் என்று பார்ப்பதுதான் கடினம்.

இடறல் இன்னொரு எண்ணில் இருந்தது. நோய் உள்ளதை விடாமல் பிடிப்பது கருவியின் ஒரு வேலை. நோய் இல்லாததை இல்லை என்று சொல்வது இன்னொரு வேலை. மெலனோமா அல்லாத 100 மச்சங்களைக் காட்டினால், ஏறத்தாழ 10ஐ மட்டுமே மெலாஃபைண்ட் ‘விட்டுவிடலாம்’ என்றது. மீதி 90க்கும் வெட்டி எடுத்துப் பயாப்சி, அதாவது திசுப் பரிசோதனை, செய்யச் சொன்னது. பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரே சீட்டை எடுத்துக் கொடுக்கும் ஜோசியக் கிளி, எல்லா மச்சத்துக்கும் ‘வெட்டு’ என்றால் அதற்கு 127க்கு 127 மதிப்பெண் கிடைக்கும். ஆகவே 98 விழுக்காடு என்பது தனியாக நின்றால் ஒன்றையும் நிரூபிக்காது.

நிறுவனத்திடம் பதில் இருந்தது. அதே சோதனையில் தோல் மருத்துவர்கள் சரியாக விலக்கியது 100க்கு 4 மச்சங்கள் அளவுதான். நாங்கள் 10ஐ விலக்குகிறோமே என்றது. உண்மைதான். ஆனால் சோதனைக்கு வந்தவை எல்லாமே பயாப்சி செய்ய வேண்டியவை என்று மருத்துவர் ஏற்கெனவே ஒதுக்கி வைத்த மச்சங்கள். மருத்துவர் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்று அனுப்பிய மச்சங்களில் கருவி என்ன சொல்லும் என்பதற்கு அங்கே விடை இல்லை.

இனி மருத்துவரின் அறைக்குள் போய்ப் பாருங்கள். சந்தேகமான மச்சம். கருவி ‘வெட்டு’ என்கிறது. அவர் எப்படியும் வெட்டத்தான் இருந்தார். கருவி ‘வேண்டாம்’ என்கிறது. இரண்டு மெலனோமாக்களைத் தவறவிட்ட கருவியின் பேச்சை நம்பி, தன் கண் சந்தேகிக்கும் மச்சத்தை அவர் விட்டுவிடுவாரா? அதுவும் தவறினால் வழக்கு என்று நிற்கும் அமெரிக்காவில்? இரண்டு பக்கமும் அவருடைய முடிவு மாறவில்லை. முடிவை மாற்றாத கருவிக்கு யார் பணம் கொடுப்பார்கள்? காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்கவில்லை. நோயாளி கைக்காசு போட வேண்டியிருந்தது.

2010 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழு, நன்மை அபாயத்தை மிஞ்சுகிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று 8 பேர், இல்லை என்று 7 பேர் எனப் பிரிந்து வாக்களித்தது. 2011 நவம்பரில் அனுமதியே கிடைத்துவிட்டது. சந்தேகப்பட்டவர்கள் தோற்றார்கள் என்று அன்று தோன்றியிருக்கும். விற்பனையோ எழவே இல்லை. நிறுவனம் 2015இல் வேறொரு தோல் சிகிச்சை லேசர் தொழிலை விலைக்கு வாங்கியது, பிறகு பெயரையும் ஸ்ட்ராட்டா ஸ்கின் சயின்சஸ் என்று மாற்றிக்கொண்டது. 2017இல் மெலாஃபைண்டைக் கைவிட்டது. (நம் ஊரில் இதை விற்றிருந்தாலும் போணியாகியிருக்காது. நம்மைப் போன்ற கருத்த தோலில் மெலனோமா அரிது. வந்தாலும் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வரும். அந்த இடங்களில் இக்கருவியைப் பயன்படுத்தவே கூடாது.)

சந்தேகம் எப்போதும் கடைசித் தீர்ப்பாகிவிடுவதும் இல்லை. கலிஃபோர்னியாவின் ஆர்டியன் என்ற சிறு நிறுவனம், சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சூடேற்றிச் செயலிழக்கச் செய்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் குழாய்க் கருவியைச் செய்தது. 106 பேரிடம் நடந்த சோதனையில் மேல் அழுத்தம் 32 புள்ளி குறைந்தது. மருத்துவக் கருவிகள் செய்யும் பெரிய நிறுவனமான மெட்ரானிக் 80 கோடி டாலர் முன்பணம் கொடுத்து நிறுவனத்தையே வாங்கியது. ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பீட்டுக்கு வைத்த நோயாளிகளுக்குத் தாங்கள் சிகிச்சை பெறவில்லை என்பது தெரியும். 2014இல் முடிவு வெளியான அடுத்த சோதனையில், 535 பேரில் ஒரு பகுதியினருக்குக் குழாயை உள்ளே விட்டு, சிகிச்சை செய்யாமலே வெளியே எடுத்தார்கள். உண்மைச் சிகிச்சையில் குறைந்தது 14 புள்ளி. போலிச் சிகிச்சையில் 12. வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. பலர் கைகழுவினார்கள். கருவியைத் திருத்தி, சோதனையைத் திருத்தி, 2023 நவம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி வந்தது. அவ்வளவு காலம் தாங்கியது பெரிய நிறுவனத்தின் பணப்பெட்டி. ஒரே கருவியை நம்பி நிற்கும் சிறு நிறுவனத்துக்கு அந்த மூச்சு இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

கருவி நிறுவனங்களில் பணம் போடச் சொல்லி நம்மிடம் வரும் அழைப்புகளில் ஆவணங்களைப் பார்க்கும் பழக்கம் குறைவு. ‘மத்திய அரசின் அனுமதி பெற்றது’ என்று காட்டப்படும் தாள் பல சமயம் எம்.டி.-13 என்ற படிவமாக இருக்கும். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின்படி அது சோதனைக்காகச் சிறிதளவு தயாரிக்கத் தரப்படும் உரிமம், விற்க அல்ல. விற்பனைக்கான தயாரிப்பு உரிமம் அபாயம் குறைந்த ஏ, பி வகைக் கருவிகளுக்கு எம்.டி.-5, அபாயம் கூடிய சி, டி வகைகளுக்கு எம்.டி.-9. தாளின் மேல்முனையில் எண் அச்சாகியிருக்கும், பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. எம்.டி.-13 வைத்திருப்பது குற்றமும் இல்லை; புதிய கருவி எதுவும் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அதை விற்பனை உரிமம் போலக் காட்டினால் மட்டும் எழுந்துவிடுங்கள்.

பணம் திரட்டும் முறைக்கும் சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 42ஆம் பிரிவும் அதன் விதிகளும்: பங்குகளைத் தனிப்பட்ட முறையில் விற்கும் நிறுவனம் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைப்பு விடுக்க முடியாது, தகுதி பெற்ற நிதி நிறுவனங்களும் ஊழியர்களுக்கான பங்குத் திட்டத்தின் கீழ் பங்குகளைப் பெறும் ஊழியர்களும் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். விளம்பரம் செய்யக் கூடாது, பணம் ரொக்கமாக வாங்கக் கூடாது, அழைப்புக் கடிதம் உங்கள் பெயருக்கு வரவேண்டும். ஆயிரம் பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று மட்டும்’ என்று வரும் பங்கு அழைப்பு இதில் எதற்கும் பொருந்தாது. அத்தகைய அழைப்புக்குக் கருவியின் சோதனை அறிக்கையை என்னிடம் எடுத்துவர வேண்டிய அவசியமே இல்லை.