‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் யார் யார்: தன்பாலினத் திருமண ஆதரவும் திருநர்களின் கேள்விகளும்

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமண வழக்கில் தீர்ப்பு வழங்கிய சில வாரங்களில், தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு திருநங்கையும் அவருடைய கணவரும் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார்கள். (இக்கட்டுரையில் வரும் கட்சிக்காரர்களை எவரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) அவர்கள் கொண்டுவந்த மஞ்சள் பையில் கோயில் ரசீது, மாலையும் கழுத்துமாக எடுத்த இரண்டு படங்கள், ஆதார் அட்டைகள், திருநங்கை அடையாள அட்டை எல்லாம் ஒழுங்காக இருந்தன, இல்லாதது திருமணப் பதிவுச் சான்று ஒன்றுதான். பதிவு அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்த்த ஊழியர், “இது செல்லாதுன்னுதான் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அந்தப் பெண்ணும் அதை நம்பிவிட்டார். தொலைக்காட்சியில் விடாமல் ஓடிய அந்தச் செய்தி தன் திருமணத்தைப் பற்றியதுதான் என்று எண்ணிக்கொண்டு, தாலியைச் சேலைத் தலைப்பால் மறைத்தபடியே என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

உண்மையில் அந்தத் தீர்ப்பு அவருக்கு எதிரானது அன்று. திருமணம் செய்துகொள்வது தன்னளவில் அடிப்படை உரிமை ஆகாது என்பதிலும், தன்பாலின இணையர்களுக்காக, மதம் பாராமல் மணக்க வழிசெய்யும் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றமே மாற்றி எழுத முடியாது என்பதிலும் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். திருமணம் என்ற பெயரில்லாமல் இணையரின் உறவைச் சட்டம் ஏற்கும் குடிமை இணைவு என்ற வடிவிலாவது அங்கீகாரம் வழங்கலாமா என்பதில்தான் மூவர் ஒரு பக்கமும் இருவர் மறு பக்கமுமாகப் பிரிந்தார்கள். ஆனால் ஆண்–பெண் உறவில் இருக்கும் திருநர்கள், அதாவது ஓர் ஆணை மணக்கும் திருநங்கையும் ஒரு பெண்ணை மணக்கும் திருநம்பியும், இப்போதுள்ள திருமணச் சட்டங்களின் கீழேயே மணம் செய்துகொள்ளலாம் என்பதையும் அதே ஐவரும் ஒருமித்துச் சொன்னார்கள். தலைப்புச் செய்திகளில் இந்த வரி இடம்பெறவில்லை. என் கட்சிக்காரரைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பில் அவருக்கு வேண்டியிருந்ததே அந்த ஒரு வரிதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு அதற்கும் முன்பே விடை கிடைத்திருந்தது. 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவாளர் பதிய மறுத்தார். அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பில், இந்து திருமணச் சட்டம் 5ஆம் பிரிவிலுள்ள ‘மணமகள்’ என்ற சொல்லுக்கு என்றைக்கும் மாறாத ஒரே பொருள்தான் உண்டு என்று கொள்ள முடியாது, அது திருநங்கையையும் உள்ளடக்கும் என்று கூறி, திருமணத்தைப் பதிவு செய்ய ஆணையிட்டார். தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததன் நேரான தொடர்ச்சி அது. அந்தத் தீர்ப்பின் நகலோடு என் கட்சிக்காரர்களை அழைத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்கு மறுபடியும் போனேன். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பதிவு முடியப் பிற்பகல் ஆகிவிட்டது, ஆனால் முடிந்தது.

திருநங்கையின் திருமணம் நிற்பது பாலின அடையாளத்தின் மேல். தன்பாலீர்ப்பாளரின் திருமணம் நிற்பது பாலீர்ப்பின் மேல். அடையாளம் என்பது ஒருவர் தம்மை யாராக உணர்கிறார் என்பது. ஈர்ப்பு என்பது அவர் யாரை விரும்புகிறார் என்பது. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி ஆதரிப்பவர்களும் உண்டு, அதே கட்டாக எதிர்ப்பவர்களும் உண்டு. ஒரு திருநங்கை ஆணை மணப்பதை நாளிதழ் ‘ஓரினத் திருமணம்’ என்று எழுதும்போது, அவர் பெண் அல்லர் என்று அந்தச் சொல்லே தீர்ப்பளித்துவிடுகிறது. ஆதரவாகத்தான் எழுதினோம் என்று அவர்கள் சொல்லக்கூடும். ஆதரவிலேயே ஒளிந்திருக்கும் இந்த மறுப்புத்தான் திருநங்கையர் பலரை முதலில் புண்படுத்துகிறது.

2024 மக்களவைத் தேர்தல் அறிக்கைகளை எடுத்துக்கொள்வோம். காங்கிரஸ், விரிவான கலந்தாய்வுக்குப் பிறகு பால்புதுமை (LGBTQIA+) இணையர்களின் குடிமை இணைவை ஏற்கும் சட்டம் கொண்டுவருவோம் என்றது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி, சிறப்புத் திருமணச் சட்டத்தை ஒத்த அங்கீகாரம் தன்பாலின இணையர்களுக்கு வேண்டும் என்றது. நீதிமன்றத்தில் தன்பாலினத் திருமணத்தைக் கடுமையாக எதிர்த்த ஒன்றிய அரசை நடத்திய பாரதிய ஜனதா, திருநர்களுக்கான ‘கரிமா கிருஹ்’ காப்பகங்களை விரிவாக்குவதாகவும், அடையாள அட்டையும் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடும் தருவதாகவும் சொன்னது. தேர்தல் நேரத்தில் இவற்றைத் திருநங்கையர் சிலரிடம் படித்துக் காட்டினேன். கடைகேட்டு, அதாவது கடைகளில் காசு கேட்டு வாங்கி வாழும் ஒருவர், “வாடகைக்கு வீடு கொடுக்க ஆளில்லை, எந்த வீட்டுக்கு மருமகளா போறது?” என்று கேட்டார். சமையல் வேலைக்குப் போகும் இன்னொருவரோ, “காப்பகம் தர்றேங்கறாங்க, குடும்பமா இருக்கலாம்னு யாரும் சொல்லலையே” என்றார். இருவருமே சரியாகத்தான் கேட்டார்கள் என்பது என் எண்ணம்.

சமூகத்துக்குள் ஒரே குரல் இருக்க வேண்டும் என்று வெளியிலிருப்பவர்கள் எதிர்பார்ப்பது நியாயமன்று. உச்ச நீதிமன்றத்தில் திருமண உரிமை கேட்டு மனுச் செய்தவர்களில் கர்நாடகத்தின் அக்கை பத்மசாலி போன்ற திருநங்கையரும் இருந்தார்கள். தமிழ்நாட்டுத் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றோர் கல்வியிலும் வேலையிலும் கிடைமட்ட இடஒதுக்கீட்டை (ஒவ்வொரு சாதிப் பிரிவின் ஒதுக்கீட்டுக்குள்ளும் திருநர்களுக்குத் தனிப் பங்கு) முதன்மைக் கோரிக்கையாக வைத்துப் போராடி வருகிறார்கள். 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டத்தில் திருநர் மீதான பாலியல் வன்கொடுமைக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரையே தண்டனை என்று எழுதப்பட்டபோது எழுந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு பெண்ணுக்கு அதே கொடுமை நேர்ந்தால் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. இப்படிப்பட்ட சட்டத்தின் கீழ் வாழ்கிறவரிடம் திருமண உரிமைக்கு ஏன் நீங்கள் கொடி பிடிக்கவில்லை என்று கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதே தயக்கம் கொள்கை வகுப்பதிலும் வெளிப்பட்டது. எல்லாப் பால்புதுமையினருக்கும் சேர்த்து ஒரே கொள்கையா, திருநர்களுக்குத் தனிக் கொள்கையா என்ற வாதம் தமிழ்நாட்டில் பல மாதங்கள் நடந்து, 2025 ஜூலையில் திருநர்களுக்கெனத் தனிக் கொள்கையை மாநில அரசு வெளியிட்டது.

அரசியல் ஆதரவு வெறும் பேச்சுத்தான் என்று நான் கருதவில்லை. திருமணச் சட்டத்தை அரசியல் மாற்றிக் காட்டிய மண் இது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் செல்லுபடியாயின. அந்தப் பிரிவு ‘இரண்டு இந்துக்கள்’ என்றுதான் தொடங்குகிறது. சில வரிகள் தள்ளிப்போன பிறகே கணவன், மனைவி என்ற சொற்கள் வருகின்றன. திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. அது மக்களவையைத் தாண்டவில்லை. தன்பாலினத் திருமணத்துக்காக 2022இல் சுப்ரியா சுலே அறிமுகம் செய்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை. சட்டமாகாத ஆதரவை வைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துப் படியேற முடியாது என்பதுதான் என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்லும் உண்மை.

கையில் இருக்கும் உரிமையும் காகிதங்களின் மேல்தான் நிற்கிறது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், திருநர் அட்டையில் மூன்றாவது பெயர் என்று வருகிறவர்களே அதிகம். ஆகவே முதலில் அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு, பிற ஆவணங்களை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். 2019 சட்டம் திருநர் என்ற சான்றுக்கு ஒரு பிரிவையும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆண் அல்லது பெண் என்று திருத்திய சான்று பெறுவதற்கு வேறொரு பிரிவையும் வைத்தது. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள விதியை வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். அட்டையில் ‘பெண்’ என்று இல்லாமல் ‘திருநங்கை’ என்றே இருந்தாலும் மதுரைக் கிளையின் தீர்ப்பு உங்களுக்குத் துணை நிற்கும். இருவரும் வெவ்வேறு மதத்தவர் என்றால் சிறப்புத் திருமணச் சட்டமே வழி. அதில் முப்பது நாள் அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். பெற்ற வீட்டாரிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு அந்த முப்பது நாள் பெரும் ஆபத்து. எனவே அறிவிப்புக் கொடுக்கும் முன்பே பாதுகாப்பான தங்குமிடத்தையும் காவல் துறைப் பாதுகாப்புக்கான மனுவையும் ஆயத்தமாக வைத்துக்கொள்வது நல்லது. பதிவை மறுத்தால் வாய்மொழியாக ஏற்காதீர்கள்; காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் இருப்பதைத்தான் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும்.

குடும்பம் என்றாலே திருமணம்தானா என்ற கேள்வியைத் திருநங்கையரைப் போல நெருக்கமாக அறிந்தவர்கள் குறைவு. ஆண்டுதோறும் கூவாகத்தில் அரவானுக்காகத் தாலி கட்டி மறுநாளே அறுத்துக்கொள்கிறவர்கள், ஆண்டு முழுவதும் வாழ்வது அம்மா–மகள் என்று தத்தெடுத்துக்கொண்ட உறவுகளோடுதான். நாற்பது ஆண்டுகளாகக் கூட இருந்து வளர்த்த அம்மா இறந்தபோது, அவர் சேர்த்துவைத்த சிறு வீட்டை, ஒருநாளும் எட்டிப் பார்க்காத அண்ணன் பிள்ளைகள் வந்து பூட்டிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். உயில் எழுதியிருக்கவில்லை. 2025 மே மாதத்தில், பெற்றோர் அடைத்துவைத்த ஒரு பெண்ணை மீட்கக் கோரிய ஆட்கொணர்வு வழக்கில், திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியன்று, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கு தன்பாலீர்ப்புப் பெண்கள் இருவரைப் பற்றியது. ஆனாலும் திருநங்கையர் நடுவில் அதைப் படித்து விளக்கியபோது, 2023 தீர்ப்பைப் பற்றிப் பேசியபோது நான் காணாத ஆர்வத்தைக் கண்டேன்.

இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே விழுந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெண்ணை நேசிக்கும் திருநங்கைக்கும், ஆணை நேசிக்கும் திருநம்பிக்கும் மதுரைக் கிளையின் 2019 தீர்ப்பும் உதவாது, 2023 தீர்ப்பின் அந்த ஒரு வரியும் உதவாது. தன்பாலினத் திருமணம் தங்கள் பிரச்சினையே அன்று என்று சொல்லும் திருநங்கையரிடம் நான் இவர்களைத்தான் நினைவூட்டுகிறேன். அப்படி ஓர் இணை என்னிடம் வந்தது: ஒருவர் திருநங்கை, மற்றவர் பெண், எட்டு ஆண்டுகளாக ஒரே வீடு. 2024இல் ஒன்றிய அரசு வெளியிட்ட விளக்கங்களின்படி இணையர்கள் வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும், ஒருவரை ஒருவர் நியமனதாரராகக் காட்டவும், ஒரே குடும்ப அட்டையில் இடம்பெறவும் தடையில்லை என்பதை விளக்கி, இருவருக்கும் தனித்தனி உயில் எழுதி, சாட்சிக் கையொப்பமிட்டுப் பதிவும் செய்தோம். வங்கிப் படிவத்தை என் மேசையிலேயே நிரப்பினார்கள். உறவுமுறை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். திருமணச் சான்று இல்லாமல் ‘மனைவி’ என்று எழுதச் சொல்ல என்னால் முடியவில்லை; தோழி என்று எழுதுங்கள் என்றேன்.