'சீனியர் எக்ஸிகியூட்டிவ்' என்று யாரும் தேடுவதில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் தெரிந்த அண்ணன் ஒருவரைப் பார்த்தேன். ஜூரோங்கில் மருந்துக் கிடங்கு ஒன்றில் 19 வருட வேலை, ஆள்குறைப்பில் போய்விட்டது, நான்கு மாதமாக வீட்டில் இருக்கிறார். "லிங்க்டின்ல நானும் இருக்கேன்மா, ஒருத்தர்கூடக் கூப்பிட மாட்டேங்கிறாங்க" என்று, வேலை தேடுகிறவர்களும் ஆள் தேடுகிறவர்களும் கூடும் அந்தத் தளத்தில் தன் பக்கத்தைத் திறந்து போனை என்னிடம் நீட்டினார். பெயருக்குக் கீழே 'சீனியர் எக்ஸிகியூட்டிவ் (ஆப்ஸ்)' என்று இருந்தது, ஆப்ஸ் என்றால் ஆபரேஷன்ஸ். வேலை அனுபவத்தில் கம்பெனி பெயர், வருடங்கள். அவ்வளவுதான், 19 வருடமும் இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

நான் சிங்கப்பூரில் 12 வருடமாக நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் வேலை பார்க்கிறேன். திரைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாருடைய பக்கத்தையும் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. லிங்க்டினில் எங்களைப் போன்றவர்களுக்கென்று காசு கட்டிப் பயன்படுத்தும் தனி வசதி இருக்கிறது. அதில் பதவி, திறன், இடம் என்று கட்டங்களை நிரப்புவோம். மருந்துக் கிடங்குக்கு ஆள் வேண்டுமென்றால் 'வேர்ஹவுஸ் மேனேஜர்', 'கோல்டு செயின்' (குளிர்பதனத்திலேயே சரக்கை வைத்து அனுப்பும் வேலை), 'பார்மா', 'எஸ்ஏபி' (நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள்) என்று தட்டுவேன், இடத்துக்கு சிங்கப்பூர். வருகிற பட்டியலில் முதலில் கண்ணில் படுவது படம், பெயர், அதன் கீழுள்ள ஹெட்லைன், இப்போதைய வேலை, அதற்கு முந்தைய வேலைகள். அண்ணன் எழுதி வைத்திருந்ததில் நான் தட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. பிறகு எப்படி வருவார் பட்டியலில்?

'சீனியர் எக்ஸிகியூட்டிவ்' என்பது அந்தக் கம்பெனியின் சம்பளப் படிக்கு வைத்த பெயர். வெளியே அதற்குப் பொருளே கிடையாது. அதை ஏன் போட்டீர்கள் என்று கேட்டால், அவர் போடவே இல்லையாம், லிங்க்டினே போட்டுக்கொண்டது. ஆமாம், நாம் ஒன்றும் எழுதாவிட்டால் பதவிப் பெயரையும் கம்பெனி பெயரையும் எடுத்து அதுவே ஒட்டிவிடும். ஹெட்லைனுக்கு 220 எழுத்து வரை இடமிருக்கிறது, பலர் முப்பதைக்கூடத் தாண்டுவதில்லை. வேலை அனுபவப் பகுதியில் பதவிப் பெயர் கம்பெனி கடிதத்தில் உள்ளபடியே இருக்கட்டும், விசாரிக்கும்போது ஒத்துப்போக வேண்டும். ஹெட்லைன் மட்டும் உங்கள் சொத்து. அதில் நீங்கள் உண்மையில் செய்யும் வேலையை, உங்களைத் தேடுகிறவர் தட்டும் சொல்லிலேயே எழுதுங்கள். அந்தச் சொல் என்னவென்று தெரியவில்லையா? மைகரியர்ஸ்பியூச்சர் என்ற அரசாங்க வேலைத் தளத்தில் உங்களுக்குப் பொருந்தும் பத்து வேலை விளம்பரங்களைத் திறந்து பாருங்கள், எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருகிற நான்கைந்து சொற்கள் இருக்கும், அவைதான்.

அப்புறம் இந்த 'நாங்கள்' விஷயம். இது நம் ஆட்களிடம் நான் அதிகம் பார்ப்பது. "நீங்க என்னண்ணே செஞ்சீங்க அங்க?" என்று கேட்டேன். "நாங்க ஸ்டாக் எல்லாம் பார்த்துக்கிட்டோம், டெலிவரி பார்த்துக்கிட்டோம்" என்றார். கிளறிக் கிளறிக் கேட்ட பிறகுதான் கதை வந்தது. ஒரு தடவை நள்ளிரவில் குளிர்சாதன அறை பழுதாகி, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்தெல்லாம் சூடேறும் நிலைமை. மேலதிகாரி வெளிநாட்டில், போனை எடுக்கவில்லை. இவரே முடிவெடுத்து, வேறொரு கிடங்கில் இடம் பிடித்து, குளிர்பதன லாரி வரவழைத்து, விடிவதற்குள் மொத்தச் சரக்கையும் மாற்றி, வெப்பநிலைப் பதிவுகளையும் சரியாக வைத்திருக்கிறார். ஒரு பெட்டிகூட வீணாகவில்லை. இது எங்கே இருக்கிறது புரொஃபைலில்? "அதையெல்லாம் எப்படிம்மா நாமே போட்டுக்கிறது, தற்பெருமை மாதிரி இருக்காதா" என்கிறார்.

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்துவிட்டோம். தேக்கா பக்கத்தில் பூக்கடைகள் இருக்கும் பஃபலோ ரோட்டில் நடந்தால் மல்லிகை வாசனையே ஆளை இழுக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் திரையில் வாசனை வராது. நடந்ததை நடந்தபடி, எத்தனை பேரை வைத்து, எவ்வளவு நேரத்தில், என்ன மிச்சமானது என்று எழுதுவது தற்பெருமை ஆகாது. 'பேஷனேட்', 'ரிசல்ட்ஸ் டிரிவன்', 'டைனமிக் லீடர்' என்று அடைப்பதுதான் தற்பெருமை. ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்குகிறவர்கள் கூடிப்போனதால் இந்தச் சொற்களைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலிக்கிறது. ஏஐயிடம் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ளுங்கள், தப்பில்லை, கதை உங்களுடையதாக இருக்கட்டும். வாடிக்கையாளர் பெயரைப் போடத் தயக்கமிருந்தால் 'ஒரு பன்னாட்டு மருந்து நிறுவனம்' என்றாலே போதும். உங்களைப் பற்றிச் சொல்லும் 'அபவுட்' பகுதியில் 2,600 எழுத்து வரை எழுதலாம், ஆனால் முதல் சில வரிகள்தான் வெளியே தெரியும், மீதியைப் படிக்க அழுத்த வேண்டும். உங்கள் குளிர்சாதன அறைக் கதை அந்த முதல் வரிகளிலேயே வந்துவிட வேண்டும்.

அண்ணன் ஒரு வேலை உருப்படியாகச் செய்திருந்தார், ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திட்டத்தில் பயிற்சிகள். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்கென்று 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாகக் கொடுத்தார்கள் இல்லையா, அதை வைத்து மூன்று பயிற்சி முடித்திருக்கிறார். ஆனால் டேட்டா அனலிடிக்ஸ், டிஜிட்டல் மார்க்கெட்டிங், இன்னொன்று என்று அதையே உச்சியில் தூக்கி வைத்திருந்ததில், பார்க்கிறவருக்கு இவர் கிடங்குக்காரரா இல்லை புதிதாக வேறு துறைக்குத் தாவுகிறவரா என்றே புரியாது. வேலைக்குப் பொருந்தும் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுக்கச் சொன்னேன்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வந்து மூன்று வருடம் ஆகியும் சிலருடைய புரொஃபைலில் இடம் இன்னும் ஊராகவே இருக்கும். சிங்கப்பூர் என்று வடிகட்டினால் அவர்கள் விழவே மாட்டார்கள். வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவர்கள், திருத்த ஆரம்பிக்கும் முன்னால், மாற்றங்களை மற்றவர்களுக்குத் தெரிவிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். 'ஓப்பன் டு வொர்க்' என்பதில் இரண்டு வகை உண்டு: பச்சை வளையத்தோடு எல்லாருக்கும் காட்டுவது, ஆள் தேடுகிறவர்களுக்கு மட்டும் காட்டுவது. இரண்டாவதில் உங்கள் சொந்தக் கம்பெனியின் ஆட்களுக்குத் தெரியாமல் மறைக்க முயல்வார்கள், ஆனால் முழு உத்தரவாதம் இல்லை என்று லிங்க்டினே சொல்கிறது. உங்கள் முதலாளிக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிக்காரர் அதைப் பார்க்கலாம், யோசித்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு அந்தக் கவலை இல்லை, தாராளமாகப் பச்சை வளையம் போடச் சொன்னேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

குடிமகன், நிரந்தரவாசி என்றால் 'அபவுட்' கடைசியில் ஒரு வரி போடலாம். இபி என்ற வேலை அனுமதி எடுத்து வெளிநாட்டு ஆளைக் கொண்டுவர, பெரும்பாலான வேலைகளுக்கு முதலாளி குறைந்தது 14 நாள் மைகரியர்ஸ்பியூச்சரில் விளம்பரம் செய்தாக வேண்டும், அதனால் இந்தக் கேள்வி எப்படியும் வரும். ஆனால் அடையாள அட்டை எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி எதுவும் வேண்டாம். பழைய பயோடேட்டா பழக்கம், இன்னும் சிலர் விடுவதில்லை. இபி கிடைத்த சந்தோஷத்தில் அந்தக் கடிதத்தையே படம் பிடித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, எல்லாம் மாற்றி ஒரு வாரத்தில் அண்ணனுக்கு முதல் செய்தி வந்தது. வீட்டிலிருந்தே வேலை, நாளுக்கு 300 வெள்ளி, வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்று. மோசடி. புரொஃபைல் நன்றாக இருந்தால் நல்லவர்கள் கண்ணில் மட்டுமா படும்? இங்கே வேலை முகவைகளுக்கு உரிமம் வேண்டும், அங்கே ஆள் எடுக்கிறவருக்கும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799க்கு அழைக்கலாம்.

மூன்றாவது வாரம் உண்மையான அழைப்பு ஒன்று வந்தது, இப்போது இரண்டாம் சுற்று நேர்காணலுக்குக் காத்திருக்கிறார். நேற்று அவர் பக்கத்தை மறுபடி பார்த்தேன். எல்லா 'நாங்களும்' 'நான்' ஆகிவிட்டன, அந்த நள்ளிரவுக் கதையில் ஒன்றைத் தவிர. போன் போட்டுக் கேட்டேன். "முடிவு நான் எடுத்தேன்னு போட்டுட்டேன்மா. ஆனா லாரியில ஏத்துனது பசங்க. அதை மட்டும் மாத்த மாட்டேன்" என்றார். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.