ஸ்டென்டில் உள்ள மருந்து வேறு, நீங்கள் விழுங்கும் மாத்திரை வேறு

அடைபட்ட இதய இரத்தக்குழாயைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழலைப் பதிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து நான்கே மாதங்களான ஒருவர், கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரைகளையும் தாமாகவே நிறுத்திவிட்டு, பல் போன பிறகும் அவற்றைத் தொடங்காமல் இருந்திருக்கிறார். சென்ற வாரம் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்துக்கொட்ட, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வடசென்னையிலிருந்து ஆம்புலன்சில் வந்தார். இதயக் குழாய்களைப் படமெடுக்கும் கேத் லேபில் பார்த்தபோது, நன்றாக விரிந்திருந்த ஸ்டென்டை இரத்தக்கட்டி முழுவதுமாக அடைத்திருந்தது. உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் இதயத் தசையின் பெரும்பகுதி செயலிழந்துவிட்டது. "ஸ்டென்ட்லயே மருந்து இருக்குன்னுதானே சார் சொன்னீங்க, அதான் அப்பா மாத்திரைய விட்டுட்டார்" என்றார் மகன்.

இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஸ்டென்டின் மேல் பூசப்பட்டிருக்கும் சிரோலிமஸ், எவரோலிமஸ் போன்ற மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை அல்ல. அவை செல்கள் பெருகுவதைத் தடுப்பவை. பலூனை விரித்து ஸ்டென்டைப் பதிக்கும்போது குழாயின் உட்சுவர் காயப்படுகிறது. அந்தக் காயம் ஆறும் முயற்சியில் தசைச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, பூச்சில்லாத பழைய உலோக ஸ்டென்டுகளில் நான்கைந்து பேரில் ஒருவருக்குச் சில மாதங்களிலேயே குழாயை மீண்டும் குறுக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் மருந்துப் பூச்சு வந்தது. ஆனால் அந்த மருந்துக்கு வேண்டிய செல், வேண்டாத செல் என்ற பேதம் தெரியாது. உலோகக் கம்பிகளை மூடி வளர வேண்டிய மெல்லிய உட்படலத்தின் வளர்ச்சியையும் அது தாமதப்படுத்துகிறது. மூடப்படாத கம்பியின் மீது, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டும். ஒட்டினால் கட்டி உருவாகும். ஆகவே ஸ்டென்டில் மருந்து இருப்பது மாத்திரையை விடுவதற்கான காரணம் அன்று. அதைத் தவறாமல் விழுங்க வேண்டியதற்கான காரணமே அதுதான்.

வெறும் உலோக ஸ்டென்டைப் பெரும்பாலும் சில வாரங்களில் படலம் மூடிவிடும். மருந்து ஸ்டென்டுக்குச் சில மாதங்கள் தேவை. முதல் தலைமுறை மருந்து ஸ்டென்டுகளில், வைத்து ஓராண்டு கடந்த பின்னரும் கம்பிகள் மூடப்படாமல் கிடந்ததும், அதனால் திடீர் அடைப்புகள் நேர்ந்ததும் 2006-இல் உலகெங்கும் இதய மருத்துவர்களைக் கலங்கவைத்தன. அன்று சுமார் 140 மைக்ரான் தடிமனாக இருந்த கம்பி இன்று 80 மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிட்டதால் ஆறுவது விரைவுபட்டிருக்கிறது. பொதுவாக, மாரடைப்புக்காக வைத்தவர்களுக்கு 12 மாதங்களும், திட்டமிட்டு வைத்தவர்களுக்கு 6 மாதங்களும் இரண்டு மாத்திரைகள் தேவை. இரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு அதைக் குறைப்பதுண்டு. எவ்வளவு என்பதை ஸ்டென்ட் வைத்தவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், நீளமான ஸ்டென்ட், கிளை பிரியும் இடத்தில் வைத்த ஸ்டென்ட் ஆகியவை அபாயத்தைக் கூட்டுபவை.

"வலியே இல்லை, இசிஜி நார்மல், டிரெட்மில்லும் நார்மல்" என்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் கம்பி மூடியதா என்பதை இவற்றுள் எதுவும் காட்டாது. அதைப் பார்க்கக் குழாய்க்குள்ளேயே, உட்சுவரை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி கருவியைச் செலுத்த வேண்டும். எல்லோருக்கும் அதைச் செய்வதில்லை.

பல்லை மாத்திரையோடேயே பிடுங்கலாம். சற்றுக் கூடுதலாகக் கசியும், பல் மருத்துவர் தையலும் பஞ்சும் வைத்துச் சமாளிப்பார். கண்புரைக்கும் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றைத் தள்ளிப்போடுங்கள். தள்ள முடியாதவற்றை அறுவை மருத்துவரும் நாங்களும் பேசி முடிவு செய்கிறோம். மலம் கருப்பாகப் போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருளாகலாம்; அன்றே வாருங்கள். இரண்டு மாத்திரைகளில் ஒன்றாகக் குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள், வயிற்றெரிச்சலுக்கென்று கடையில் கேட்டு ஒமிப்ரசோல் வாங்கிப் போடாதீர்கள். அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகுமுன் மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். குளோபிடோக்ரெலுக்குப் பதிலாகச் சிலருக்குத் தரும் டிகாக்ரெலரின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்; மலிவான மாற்று இருக்கிறது. காலம் முடிந்ததும் ஒரு மாத்திரையை நாங்களே நிறுத்துவோம். மற்றொன்றும் கொழுப்புக்கான மாத்திரையும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் தொடரும். யார் நிறுத்தச் சொன்னாலும், நிறுத்துவதற்கு முன்பு, தயவுசெய்து, எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள்.