சத்தம் பி.பி.யில் இல்லை

போன மாதம் ஒருவர் தன் ரோட் பைக் சைக்கிளைக் கொண்டுவந்து கடை வாசலில் சாய்த்துவிட்டு, "பி.பி. மாத்தணும் அண்ணே" என்றார். எதற்கு என்று கேட்டேன். உட்கார்ந்து மிதித்தால் கிறுக் கிறுக்கென்று சத்தம். வேறொரு கடையில் ஏற்கெனவே இரண்டு முறை பாட்டம் பிராக்கெட்டை, அதாவது மிதிக்கும் அச்சு ஃபிரேமுக்குள் சுழலும் பேரிங் பகுதியான பி.பி.யை, மாற்றிவிட்டார்கள். மாற்றியதும் பத்து நாள் அமைதி, அப்புறம் பழைய கதை. நான் போடப்போவது அந்த சைக்கிளுக்கு நாலாவது பி.பி.

மாற்றவில்லை. தெரு முனை வரை ஓட்டிப் பார்த்தேன். உட்கார்ந்து அழுத்தினால் சத்தம் வந்தது. சீட்டை விட்டு எழுந்து நின்று, அதைவிடப் பலமாக மிதித்தேன், வரவில்லை. பி.பி.யில் கோளாறு இருந்தால் நின்று மிதிக்கும்போதுதான் அது அதிகமாகக் கத்த வேண்டும். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டை உருவினேன். கிரீஸ் என்று ஒன்று ஒரு காலத்தில் இருந்ததற்கான அடையாளம்கூட இல்லை; மணலும் கறுப்புப் பொடியும்தான். அலுமினிய ஃபிரேம், அலுமினிய போஸ்ட். இரண்டையும் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவி, முன்பே டேப் ஒட்டிக் குறித்து வைத்த உயரத்தில் இறக்கி, கிளாம்ப் போல்ட்டைச் சுத்தம் செய்து 5 நியூட்டன் மீட்டரில் முறுக்கினேன். இருபது நிமிட வேலை. "அவ்ளோதானா?" என்று கேட்டபோது அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கடுப்புதான் அதிகம் தெரிந்தது.

சரி, அந்தப் பத்து நாள் அமைதி எப்படி வந்தது? பி.பி. மாற்ற சைக்கிளை ஸ்டாண்டில் மாட்ட வேண்டும். சீட் போஸ்ட்டை மேலே இழுத்து, அதைப் பிடித்துத்தான் மாட்டுவோம். வேலை முடிந்ததும் பழையபடி கீழே இறக்குவோம். அந்த ஏற்றி இறக்கலில் போஸ்ட் கொஞ்சம் இடம் மாறி உட்காரும். சில நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும். பேர் மட்டும் புது பி.பி.க்குப் போய்விடும்.

காது ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. ஃபிரேம் என்பது உள்ளே ஒன்றுமில்லாத குழாய். வீணைக்குக் குடம் எப்படியோ, எங்கோ ஒரு மூலையில் பிறக்கும் சின்ன உரசலுக்கு ஃபிரேம் அப்படி. தடித்த கார்பன் குழாய்கள் இன்னும் மோசம். சத்தமும் காலின் தாளத்தில் வருவதால் மனசு நேராக மிதிக்கும் இடத்துக்குப் போய்விடும். ஆனால் சீட்டையும், ஹேண்டில் பாரையும், பின்சக்கரத்தையும் முறுக்குவது அதே கால்தான். எல்லாமே அந்தத் தாளத்தில்தான் கத்தும்.

அதனால் வண்டியைக் கொண்டுவருபவரிடம் சத்தம் எங்கே வருகிறது என்று நான் கேட்பதில்லை. எப்போது வருகிறது என்றுதான் கேட்பேன். வாகனம் இல்லாத ஒரு நேர் ரோட்டில் நீங்களே பார்த்துவிடலாம். மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டும் சத்தம் வருகிறதா? அப்படியானால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), பெடல், செயின் எல்லாம் தப்பித்தன. சக்கரத்தையும், ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கான ஹெட்செட்டையும் பாருங்கள். உட்கார்ந்தால் மட்டும் வருகிறதா? சீட்டின் கம்பிகள், அதைப் பிடிக்கும் கிளாம்ப், போஸ்ட். நின்று வண்டியை இடமும் வலமும் ஆட்டி ஏறும்போது மட்டுமா? ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம், ஹேண்டில் பார், அப்புறம் சக்கரம் ஃபிரேமில் உட்காரும் இடம். இதில் ஹேண்டில் பாரைத் தனியாகச் சோதிக்க ஓட்டவே வேண்டாம். வண்டிக்கு முன்னால் நின்று, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு பாரை இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள்.

கணக்கு பிடித்தவர்களுக்கு இன்னொரு வழி. முன்னால் 50 பல், பின்னால் 25 பல் போட்டால் ஒரு மிதிச் சுற்றுக்குப் பின்சக்கரம் சரியாக இரண்டு சுற்று. மிதிச் சுற்றுக்கு ஒரு டிக் என்றால் கிராங்க் பக்கம், இரண்டு என்றால் சக்கரம். ஏறக்குறைய இரண்டே கால் மிதிச் சுற்றுக்கு ஒருமுறை என்று ஒட்டாத தாளத்தில் வந்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. 110 கண்ணி உள்ள செயின் 50 பல்லின் மேல் ஒரு முழுச் சுற்று வர அவ்வளவு ஆகும்.

கிறீச்சிடுதல் என்பது இறுக்கிப் பிடித்த இரண்டு பாகங்கள், பாரம் ஏறும்போது மயிரிழை வழுக்கி, நின்று, மறுபடி வழுக்குவது. இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சத்தம் வருகிறதென்று இன்னும் இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அழுக்கின் மேல் இறுக்கினால் போல்ட்டின் மரை போகும், சத்தம் போகாது. கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். கார்பன் போஸ்ட் என்றாலும் கார்பன் ஃபிரேம் என்றாலும் கிரீஸ் வேண்டாம். நுண்ணிய மணல் போன்ற துகள் கலந்த கார்பன் பேஸ்ட் தனியாகக் கிடைக்கிறது. கிரீஸ் தடவினால் போஸ்ட் வழுக்கி இறங்கும், வழுக்குகிறதே என்று இன்னும் இறுக்குவீர்கள், கார்பன் நசுங்கும்.

என் கையில் அடிக்கடி மாட்டும் குற்றவாளிகளில் போஸ்ட்டுக்கு அடுத்து பெடல். மரையில் கிரீஸ் இல்லாமல் முறுக்கிவிட்டிருப்பார்கள். கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. இது தெரியாமல் முழு பலத்தையும் போட்டு இன்னும் இறுக்கிவிட்டு, கழலவே மாட்டேன் என்கிறது என்று வருபவர்கள் உண்டு. ஷூவின் அடியில் பெடலோடு மாட்டிக்கொள்ளும் கிளீட்டும் அதன் போல்ட்டுகளும் சத்தம் போடும். அதற்கப்புறம் பின்சக்கரத்தை லீவரால் ஃபிரேமில் இறுக்கும் குயிக் ரிலீஸ். யாரும் சந்தேகிக்காத இடம் இது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் ஃபிரேமைத் தொடும் இரண்டு முகங்களையும் துடைத்து, துளி கிரீஸ் வைத்து, லீவரைச் சரியாக மூடினால் "பி.பி. சத்தம்" காணாமல் போன வண்டிகள் எத்தனையோ. பின்பல் சக்கரங்களான கேசட்டை இறுக்கும் லாக்ரிங், முன்பல் சக்கரமான செயின்ரிங்கின் போல்ட்டுகள், ஸ்போக்குகள் ஒன்றையொன்று தொட்டுக் குறுக்கே போகும் இடம், பாட்டில் கூட்டின் போல்ட் என்று பட்டியல் நீளும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்து இடத்தை ஒரே மூச்சில் செய்தால் சத்தம் நிற்கலாம். அடுத்த வருடம் மறுபடி அந்த ஐந்தையும் செய்ய வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு பி.பி.க்கு நற்சான்றிதழ் தரவும் முடியாது. மரை வைத்த பழைய வகை பெரும்பாலும் சாது. கழற்றி, சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து இறுக்கினால் அடங்கிவிடும். ஆங்கில மரையில் வலது பக்கப் பேரிங் கிண்ணம் எதிர்த்திசை. இத்தாலிய மரையில் அப்படி இல்லை. தொல்லை தருவது மரையே இல்லாமல் பேரிங்கை அப்படியே ஃபிரேமுக்குள் அழுத்தி உட்காரவைக்கும் வகை. கேனன்டேல் 2000-இல் கொண்டுவந்த பி.பி.30 அதில் முக்கியமானது. எடை குறையும், 30 மில்லிமீட்டர் அச்சு விறைப்பாக இருக்கும், எல்லாம் சரி. ஆனால் பேரிங் உட்காரும் ஓட்டை துளி பெரிதாகவோ கோணலாகவோ இருந்துவிட்டால் நீங்கள் எத்தனை பி.பி. வாங்கிப் போட்டாலும் அது கத்தும். கோளாறு ஃபிரேமில் இருக்கிறது. மெல்லிய இடைவெளியை நிரப்பும் பசை போட்டுச் சமாளிக்கிறோம். இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று மரையில் பிணையும் பி.பி.களும் இதற்கென்றே விற்கின்றன. கடைசியில் 2015-இல் டி47 என்று பெரிய மரை வைத்த அளவு வந்து, பல நிறுவனங்கள் அதற்கு மாறிவிட்டன. மரையை எடுத்தது தப்பு என்று வாயால் சொல்லாமல் சொன்ன மாதிரிதான்.

சத்தம் தொல்லை மட்டுமாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சில சத்தம் எச்சரிக்கை. வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே டிரெய்னரில் ஓட்டும் ஒருவருடைய வண்டியில், ஹேண்டில் பாரை முறுக்கினால் மெல்லிய டக் டக். பாரில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தேன். உள்ளே வியர்வை இறங்கி அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, குழி விழுந்திருந்தது. ஸ்டெம் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கோடு. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது அந்தப் பார் முறிந்திருந்தால்? டேப் மாற்றும்போதெல்லாம் அடியில் பாருங்கள். ஈசிஆர் பக்கம் கடல் காற்றில் ஓட்டுபவர்கள் இன்னும் அடிக்கடி பாருங்கள். விழுந்து எழுந்த பிறகு புதிதாகத் தொடங்கிய சத்தம், துடைத்து கிரீஸ் வைத்தும் அசையாத சத்தம், பெயின்ட்டில் முடி போன்ற கோடு: இவற்றில் எது இருந்தாலும் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். கார்பனை நாணயத்தால் தட்டி, கணீரென்று கேட்கும் இடத்துக்கு நடுவே பொத்தென்று கேட்டால் சந்தேகப்படலாம். ஆனால் நன்றாகக் கேட்டது என்பதற்காக நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

நம் ஊரில் சைக்கிளை முழுக்கப் பிரித்துச் சேர்ப்பதற்கு ஓவராயிலிங் என்று பேர். பேரிலேயே ஆயில் வந்துவிட்டதாலோ என்னவோ, சத்தம் கேட்டதும் எண்ணெயைத் தேடுகிறோம். தேங்காய் எண்ணெய் விட்ட வண்டிகூட வந்திருக்கிறது, மணமாக இருந்தது. கிடைத்த இடுக்கில் எல்லாம் ஸ்ப்ரே அடித்தால் இரண்டு நாள் அடங்கும். அதற்குள் அது பேரிங்கில் இருக்கும் கிரீஸைக் கரைத்திருக்கும். டிஸ்க் பிரேக்கில் பட்டால் பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். விரிசலின் சத்தத்தையும் அந்த எண்ணெய் அடக்கிவிடும் என்பதுதான் எனக்குப் பயம். மோட்டார் பைக்குக்கு வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் சைக்கிளையும் கொடுக்காதீர்கள். அந்த வேகத்தில் தண்ணீர் ஹப்பையும் ஹெட்செட்டையும் துளைத்துக்கொண்டு போகும். வாளித் தண்ணீர், ஷாம்பு, பழைய துணி போதும்.

என் சொந்த வண்டியில் போன வருடம் மூன்று வாரம் ஒரு சத்தம். வலது கால் கீழே போகும்போது மட்டும். பெடலைக் கழற்றிப் போட்டேன், செயின்ரிங் போல்ட்டுகளைப் பார்த்தேன், மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு பி.பி.யையும் பிரித்தேன். ஒரு நாள் அவசரத்தில் செருப்போடு பக்கத்துத் தெரு வரை ஓட்டினேன்; சத்தமே இல்லை. வலது ஷூவின் உள்ளே இன்சோல் காய்ந்து விறைத்து, ஓரத்தில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. கடைப் பையன் கேட்டான்: "அண்ணே, இதுக்கு எவ்ளோ பில் போடணும்?"